எடுத்து வைத்துவிட்டுச் சமைத்தவள்

காலை ஏழரைக்குக் குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றிவரவேண்டிய மூதூர் லோஞ்ச் எட்டு மணியாகியும் வரவில்லை.

நான் இறங்குதுறையின் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கையில் வழக்குக் கோவைகள். கறுப்புக் கோட்டை அவற்றின்மேல் மடித்துப் போட்டிருந்தேன். துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. டீசல் மணமும் பழைய மீன் மணமும் ஒன்றாக வந்தன. வழக்கமாக அந்த நேரத்தில் வேலியோரம் ஓட்டோக்காரர்கள் கூடி நின்று சத்தம் போடுவார்கள். அன்று ஒருவர்கூட இல்லை. லோஞ்ச் வராது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

காவலரணில் நின்ற கடற்படைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“அத லோஞ்ச் நே, மிஸ்.”

இன்றைக்கு லோஞ்ச் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். ஏன் என்று கேட்டேன். கையை விரித்தார்.

முந்தைய நாள் காலை குடாவுக்கு வெளியே வெடிச்சத்தம் கேட்டிருந்தது. ஆனால் பின்னேர லோஞ்ச் ஓடியது என்று கடைத்தெருவில் சொன்னார்கள். நான் அதை நம்பிவிட்டேன்.

அந்த லோஞ்சில் கிளிவெட்டியிலிருந்து தவமணி வரவேண்டும். அவள் என் கட்சிக்காரி. அவளுடன் ஐந்து வயது மகள் சுபாவும் வரவேண்டும். ஒன்பதரைக்கு வழக்கு. பிள்ளையை அன்று நீதிபதியின் முன் நிறுத்தாவிட்டால், பிள்ளை தகப்பனிடம் போய்விடக்கூடும். முதல் தவணையிலும் லோஞ்ச் ஓடவில்லை. இரண்டாவது தடவையும் பொறுத்துக்கொள்ள ஏலாது என்று நீதிபதி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

எட்டேகால் வரை நின்றேன். பிறகு நீதிமன்றத்துக்கு நடந்தேன்.

நான் தோற்ற வழக்குகளைப் பற்றியே வாராவாரம் எழுதுகிறேன் என்று வாசகர் ஒருவர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். இது வென்ற வழக்கா, தோற்ற வழக்கா என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. எழுதிப் பார்க்கிறேன்.

எந்த வரிசையில் எழுதுவது

தவமணி முதலில் என்னிடம் வந்தது அதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு. நீதிமன்றத்துக்குப் பின்னால், காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் பாதி அறையை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். இரண்டு கதிரை, ஒரு மேசை, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலுமாரி. பட்டினத்துத் தெருக்களில் திரியும் மான்கள் வெளியே வந்து குப்பைப் பீப்பாவைச் சாய்த்துப்போடும். நான் பேசுவதை நிறுத்தி அவற்றைத் துரத்திவிட்டு வந்துதான் கட்சிக்காரரின் கண்ணீர்க் கதையைக் கேட்கவேண்டும்.

தவமணி அழவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேசும்போது மேசையையே பார்ப்பாள், ஆனால் சொல்வது தெளிவாக இருக்கும்.

அவள் கணவன் யோகராசா இரண்டு வருடம் முன்பு பட்டினத்துக்கு வந்தவன். வேறு பெண் ஒருத்தியும் இல்லை. ஊரில் உழைப்பில்லை, படையினரின் சுற்றிவளைப்பு என்றால் பயம், அதனால் இங்கே அக்கா வீட்டில் தங்கி ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் காசு அனுப்பினான். பிறகு அரைவாசி அனுப்பினான். பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

“எனக்கு அவரில கோபமில்லை மிஸ்,” என்றாள். “பிள்ளைக்குக் குடுக்கவேண்டியதை அவர் குடுக்கத்தானே வேணும்.”

பராமரிப்புக் காசு கேட்கும் தாபரிப்பு வழக்குக்கு நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். மாதத்துக்கு என்ன வருகிறது, என்ன போகிறது. மஞ்சள் தாளில் கோடு போட்டு எழுதுவேன். விடிய எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைக்குக் கொடுக்கிறாள். புல்லுப் பிடுங்கும் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வயல் கூலி. செலவுப் பக்கத்துக்கு வந்தபோது ‘அரிசி’ என்று எழுதத் தொடங்கினேன்.

“முதல்ல அதில்லை மிஸ்,” என்று தடுத்தாள். “எடுத்து வைக்கிற காசை முதல்ல எழுதுங்கோ.”

“சேமிப்பா? அது கடைசியில்தானே வரும். எல்லாம் போக இருக்கிறது.”

“எனக்குக் கடைசியில ஒண்டும் இருக்கிறதில்லை. அதாலதான் முதல்லயே எடுக்கிறனான். பிறகுதான் அரிசி.”

அவள் சொன்னபடியே எழுதினேன். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். சின்னத் தொகைதான், ஆனால் அவளுடைய வருமானத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். தபாற்கந்தோரில் புத்தகம் இருக்கிறது என்றாள். நான்கு வருடமாகப் போடுகிறாளாம்.

எவ்வளவு என்று கேட்ட நான், எதற்கு என்று கேட்கவில்லை. வழக்கறிஞரின் கண் தொகையில்தான் போய் நிற்கும். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பிறகு அவளுக்குப் பிழையான புத்திமதி சொல்லியிருக்கமாட்டேன்.

இரண்டு வழக்கு

தாபரிப்பு அழைப்பாணை போய்ச் சேர்ந்த மூன்றாம் கிழமை, யோகராசா பதில் வழக்குப் போட்டான். பிள்ளையைத் தன்னிடம் தரவேண்டுமாம். காசு கொடுக்காமலிருக்கப் போடும் வழமையான வழக்கு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கேட்பது அவனைவிட அவன் அக்கா என்று. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பட்டினத்தில் கல்வீடு இருக்கிறது, அருகில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். தாபரிப்பு வழக்கில் தவமணியிடம் காசு இல்லை என்று காட்டவேண்டும். பிள்ளை வழக்கில் அவளால் பிள்ளையைப் பார்க்க ஏலும் என்று காட்டவேண்டும். அந்தச் சேமிப்புப் புத்தகம் ஒன்றில் என்னைத் தூக்கிவிடும், மற்றதில் காலை வாரிவிடும். போதாக்குறைக்கு இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதாக நீதிபதி தீர்மானித்திருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தவமணிக்குச் சொன்னேன். “புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லவேண்டாம். ஆனால் நீங்களாக எடுத்துக் காட்டவும் வேண்டாம். வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.”

அவள் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எழுந்தாள்.

எங்கள் வீட்டு மாதக் கடைசி

அந்தக் காலத்தில் என் வீட்டுக் கணக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரார் குடும்பங்களின் வரவு செலவைக் கோடு போட்டு எழுதியவளுக்குத் தன் வீட்டில் ஒரு தாள் இருந்ததில்லை.

லிங்கநகரில் சின்ன வீடு. என் கணவர் செல்வராசா துறைமுகக் களஞ்சியமொன்றில் எழுதுவினைஞர். அவருக்குச் சம்பளம். எனக்குக் கட்சிக்காரர் கொடுப்பது. குடும்ப வழக்குக்கு வரும் பெண்களிடம் கேட்டு வாங்க எனக்கு வாய் வராது. ஒருத்தி இறால் கொண்டுவருவாள், ஒருத்தி தேங்காய் கொண்டுவருவாள். சம்பளம் வந்த கிழமை மீன் பொரியும். கடைசிக் கிழமை பருப்பும் சொதியும்தான். மிஞ்சினால் வங்கியில் போடுவோம் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருபோதும் மிஞ்சவில்லை.

ஒருமுறை துறைமுகத்தில் ஐந்து கிழமை வேலை நின்றது. என் தாலிக்கொடியை அடைவு வைத்தோம். அன்று காலைதான் நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, பொறுப்பில்லாமல் வீட்டை நடத்தினார் என்று ஒரு கணவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். பின்னேரம் கழுத்தில் மஞ்சள் கயிற்றுடன் அடைவுகடைப் படியால் இறங்கியபோது அதே ஆள் எதிரே வந்தார். தலையைக் குனிந்து போய்விட்டார். அவர் கண்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி வழக்காக எடுக்கிறேன்

ஒன்பதரைக்கு எங்கள் வழக்கை அழைத்தார்கள். யோகராசா வெள்ளைச் சேட்டுடன் முன்னால் வந்து நின்றான். பின்வரிசை வாங்கில் அவன் அக்கா. மடியில் கடைத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அதன் வாயில் ரோசா நிறச் சட்டையொன்றின் லேஸ் தெரிந்தது. அவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போகத் தயாராகவே வந்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பில் மகாலிங்கம் சேர். வழக்கறிஞராக முப்பது வருட அனுபவம். குரலை உயர்த்தமாட்டார். அதுதான் பயம்.

“மனுதாரி இன்றைக்கும் இல்லை, பிள்ளையும் இல்லை,” என்றார். “கனம் நீதிபதி அவர்கள் சென்ற தவணையில் சொன்னதை நினைவூட்டுகிறேன்.”

நான் எழுந்து லோஞ்ச் ஓடவில்லை என்றேன்.

“போன முறையும் லோஞ்ச்தான்,” என்றார் மகாலிங்கம் சேர். “பிள்ளைக்கு நாளை வருத்தமென்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் லோஞ்ச் ஓடாது. அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்.”

நீதிபதி என்னைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். பேனையை மூடித் திறந்தார்.

“கடைசி வழக்காக எடுக்கிறேன். அதற்குள் வராவிட்டால் கட்டளை போடுவேன்.”

அன்று நான் உட்கார்ந்திருந்ததைப் போல ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சைக்கிள் களவு, எல்லைத் தகராறு, குடிவெறியில் அடிபிடி. ஒவ்வொன்றாக முடிந்தது. வழக்குகள் இழுபடவேண்டுமென்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். கதவருகே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினேன். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. மண்டபம் காலியாகிக்கொண்டே வந்தது.

மதிய இடைவேளையில் யோகராசாவின் அக்கா விறாந்தையில் என்னிடம் வந்தா. எதிர்த்தரப்பு ஆட்களுடன் நான் கதைக்கக்கூடாது. விலகினேன். அவ விடவில்லை.

“மிஸ், நான் அந்தப் பிள்ளையைக் கொடுமைப்படுத்தவா கேக்கிறன்? இஞ்ச பள்ளிக்கூடம் இருக்கு. டொக்டர் இருக்கினம். அங்க ஷெல் விழுது. நீங்கள் ஒரு தாயெண்டா என்ன செய்வீங்கள்?”

எனக்கு அப்போது பிள்ளை இல்லை. அது அவவுக்குத் தெரியாது. கோவைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு உள்ளே வந்தது. ஒருவேளை தவமணி வராமலிருப்பதே பிள்ளைக்கு நல்லதோ என்று ஒரு கணம் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

கந்தளாய்ப் பக்கத்தால்

இரண்டு மணிக்கு நீதிமன்றம் திரும்பவும் கூடியது. எஞ்சியிருந்தது எங்கள் வழக்கு மட்டும். நீதிமன்ற எழுத்துவேலை பார்க்கும் முதலியார் பெயரைக் கூப்பிட்டார். சேவகரான ஆராச்சி வாசலில் போய் நின்று உரத்துக் கூப்பிட்டார். ஒருமுறை. இரண்டாம் முறை.

“ஓம், ஓம், வந்திட்டன்!”

வாசலில் தவமணி. பிள்ளை இடுப்பில். இருவரின் தலைமயிரும் செம்மண் நிறம். பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இல்லை. தவமணியின் சேலைக் கரையில் கிறீஸ் பட்டிருந்தது.

யோகராசா சட்டென்று எழுந்தான். பிள்ளை அவனைக் கண்டு தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் சின்னப் பிள்ளைக்கு நீண்ட காலம். அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

எப்படி வந்தாள் என்பதைப் பிறகுதான் கேட்டேன். முந்தைய நாள் வெடிச்சத்தம் கேட்டதுமே, லோஞ்ச் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நேரே தபாற்கந்தோருக்குப் போய்ப் புத்தகத்திலிருந்த காசை எடுத்தாள். விடிந்ததும் வாடகை உழவு மெசினில் சேருநுவர. அங்கிருந்து மரக்கறி லொறியில் கந்தளாய். இடையில் ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் மறித்துவிட்டார்கள். நீதிமன்ற அழைப்பாணையை நீட்டினாள். அது தமிழில் இருந்தது, அங்கு நின்றவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கக்கூடிய ஒருவர் வரும்வரை வெயிலில் நின்றார்கள். கந்தளாயிலிருந்து பஸ்.

நான் லோஞ்ச் ஓடும் என்று நம்பிக்கொண்டு படுத்திருந்தேன். அவள் ஓடாது என்று நினைத்துக் காசை எடுத்திருந்தாள்.

கூண்டில்

என் கேள்விகள் சீக்கிரம் முடிந்தன. மகாலிங்கம் சேர் எழுந்தார்.

“உம்மிடம் தபாற்கந்தோரில் சேமிப்புப் புத்தகம் இருக்கிறதா?”

யோகராசா சொல்லியிருப்பான். நான் கோவையைப் பார்த்தபடி இருந்தேன்.

“ஓம்.”

“எங்கே இருக்கிறது?”

தவமணி என்னைப் பார்த்தாள். பிறகு தோளில் கொழுவியிருந்த பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய புத்தகத்தை எடுத்தாள்.

“இஞ்ச.”

என் காது சுட்டது. வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேனே! பிறகு அதைக் கேட்டபோது அவள் சொன்னாள்: “வீட்டில வைச்சிட்டு வந்தா, திரும்பிப் போகேக்க வீடு இருக்குமோ இல்லையோ, ஆருக்குத் தெரியும் மிஸ்?”

மகாலிங்கம் சேர் பக்கங்களைப் புரட்டினார். அவசரமே இல்லை.

“நான்கு வருடம். மாதா மாதம் போட்டிருக்கிறீர். நடுவில் இரண்டு மாதம் இல்லை. ஆனால் மூன்றாம் மாதம் மூன்று மடங்காகப் போட்டிருக்கிறீர். சரிதானே?”

“அப்ப தபாற்கந்தோர் பூட்டியிருந்தது. காசை வீட்டில வைச்சிருந்து பிறகு போட்டனான்.”

“அப்படியென்றால், செலவெல்லாம் போக மாதா மாதம் உம்முடைய கையில் காசு மிஞ்சுகிறது. காசு மிஞ்சுகிற பெண்ணுக்குத் தாபரிப்பு எதற்கு?”

“மிஞ்சினதில்லை ஐயா.”

“புத்தகம் சொல்கிறதே.”

“மிஞ்சினா நான் ஏன் ஐயா கோட்டுக்கு வாறன்? காசு கைக்கு வந்த உடனே முதல் எடுத்து வைச்சிடுவன். பிறகு இருக்கிறதிலதான் அடுப்பு மூட்டினனான். காணாத நாளில பிள்ளைக்குக் குடுத்திட்டு நான் தேத்தண்ணியோட இருந்தனான். அந்தக் கணக்கு உந்தப் புத்தகத்தில இல்லை.”

மகாலிங்கம் சேர் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

“சாப்பிடாமல் எதற்குச் சேர்த்தீர்?”

நான் கேட்கத் தவறிய கேள்வி.

தவமணி கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளைக்கு ஒரு வயசு இருக்கேக்க ஊரை விட்டு ஓடினம் ஐயா. இவர் அப்ப உழைப்புத் தேடிக் கந்தளாய்ப் பக்கம் போயிருந்தார். ஆத்துத் துறையில தோணிக்காரன் காசு கேட்டான். என்னட்ட ஒண்டும் இல்லை. காசு வைச்சிருந்த ஆக்கள் முதல் போச்சினம். நானும் பிள்ளையும் ரெண்டு நாள் கரையில இருந்தம். சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. மூண்டாம் நாள் என்ர தோட்டைக் கழட்டிக் குடுத்தன். தோடு சின்னன் எண்டு சொன்னான். காலில விழுந்தனான்.”

நிறுத்தினாள். யோகராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இதை அறிந்திருந்தானா என்று தெரியவில்லை.

“அதுக்குப் பிறகு, வீட்டில அரிசி இருக்கோ எண்டு பாக்கிறதுக்கு முதல், ஓடுறதுக்குக் காசு இருக்கோ எண்டு பாப்பன்.”

நீதிபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது.

“நேற்று எடுத்திருக்கிறீர். கிட்டத்தட்ட முழுவதும்.”

“இண்டைக்கு இஞ்ச வாறதுக்கு.”

மின்விசிறி கிறீச்சிட்டது. முதலியார் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

ஆனால் மகாலிங்கம் சேர் விடுகிற ஆள் இல்லை. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

“ஓடுவதற்குக் காசு சேர்க்கவேண்டிய இடம் என்று நீரே சொல்லுகிறீர். அப்படிப்பட்ட இடத்திலா பிள்ளையை வைத்திருக்கப்போகிறீர்? தகப்பனிடம் இருந்தால் ஓடத் தேவையில்லையே.”

தவமணி நேரே மகாலிங்கம் சேரைப் பார்த்தாள்.

“அங்க பயமில்லை எண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. ரெண்டு முறை ஷெல் விழுந்தது. முதல்முறை நான் பிள்ளையோட ஆத்துத் துறைக்கு நடந்து ஓடினனான். ரெண்டாம் முறை காசு குடுத்து மெசினில போனனான். ரெண்டு முறையும் பிள்ளையைத் தூக்கினது நான்தான். இஞ்சயும் ஒருநாள் விழுந்தா, இவர் தூக்குவாரோ எண்டு எனக்குத் தெரியாது. முதல்ல எங்களை விட்டிட்டு வந்தவர் அவர்.”

மகாலிங்கம் சேர் உட்கார்ந்தார். “வேறு கேள்விகள் இல்லை.”

கட்டளை

பிள்ளை தாயிடம் இருக்கலாம். பள்ளி விடுமுறையில் தகப்பன் பார்க்கலாம், பாதை திறந்திருந்தால் அழைத்துப்போகவும் செய்யலாம். தாபரிப்பு உண்டு. ஆனால் நாங்கள் கேட்டதில் அரைவாசியைவிடக் குறைவு. மனுதாரி உழைக்கிறார், சிக்கனமாக வீட்டை நடத்தத் தெரிந்தவர் என்று நீதிபதி காரணம் சொன்னார்.

இதனால்தான் வென்றேனா தோற்றேனா தெரியாது என்றேன். அந்தப் புத்தகம் பிள்ளையைப் பெற்றுத் தந்தது, காசைக் குறைத்தது. பட்டினி கிடந்து சேர்த்ததற்கு நீதிமன்றம் கொடுத்த பாராட்டு, மாதாமாதம் குறைவாகக் கிடைக்கும் ஒரு தொகையாக வந்தது. தவமணிக்கு இதை எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். அவள் தலையை ஆட்டினாள். “பிள்ளை என்னோட. அது காணும் மிஸ்.”

விறாந்தையில் யோகராசாவின் அக்கா பொட்டலத்துடன் நின்றா. போவதா, நிற்பதா என்று தெரியாத நிற்பு. தவமணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவவுக்கு முன்னால் போனாள்.

“மச்சாள், சட்டையைப் போட்டுப் பாருங்கோ. அளவு சரியோ தெரியாது.”

அக்கா முழந்தாளில் இருந்து, புழுதிச் சட்டைக்கு மேலேயே அந்த ரோசாச் சட்டையைப் போட்டுவிட்டா. கொஞ்சம் பெரிசு. தோளில் நழுவாமல் மடித்து ஊசி குத்தினா. ஊசியைக் குத்திய கையைக் கனநேரம் எடுக்கவில்லை.

ஒன்பது நாள்

லோஞ்ச் ஒன்பது நாள் ஓடவில்லை. கந்தளாய்ப் பாதையையும் அடுத்த நாளே மூடிவிட்டார்கள். தாயும் மகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அதுவும் மாதக் கடைசி.

மூன்றாம் நாள் விடிய எங்கள் குசினியில் இடியப்ப ஆவி மணந்தது. மாவுக்கும் தேங்காய்க்கும் தவமணி கடனாகக் கேட்டாள். லிங்கநகர்ச் சந்திக் கடைக்காரர் முப்பது இடியப்பம் எடுத்தார். காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பைக்குள் போட்டாள். மீதியில் என் கடனைத் தந்தாள். பிறகு சுபாவுக்குப் பாணும் சம்பலும்.

என் கணவர் சவரம் செய்தபடி கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

“கடன் குடுக்கிறதுக்கு முதலே எடுத்து வைச்சிட்டா. கண்டனீரோ?”

“கண்டன்.”

“சம்பளம் வந்த அண்டைக்கே எடுத்து வைச்சா, மாதக் கடைசியில நாங்கள் என்ன செய்யிறது?”

“மாதக் கடைசியில இப்பவும் எங்களிட்ட ஒண்டும் இல்லைத்தானே அப்பா.”

அவர் திரும்பிப் போய் மிச்சச் சவரத்தை முடித்தார். அந்த மாதச் சம்பளத்தில், வீட்டு வாடகைக்கும் முன்னால், ஒரு சின்னத் தொகையை எடுத்து ஓர் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். முதல் மூன்று மாதமும் நாங்கள் சண்டை பிடித்தோம். மீன்காரியின் குரல் கேட்கும்போதெல்லாம் அவர் அலுமாரியைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ஒருமுறை நானே களவாக எடுத்து இரண்டு நாளில் திரும்ப வைத்தேன். ஒழுங்காக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வருடம் எங்களுக்கும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தபோது, வான்காரருக்குக் கொடுக்க அந்த உறையில் காசு இருந்தது. பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்தோம்.

கட்டணம்

பத்தாம் நாள் லோஞ்ச் ஓடியது. இறங்குதுறையில் நீண்ட வரிசை. பைகளைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுபா ரோசாச் சட்டையுடன் நின்றாள், தோளில் ஊசி அப்படியே.

எங்கள் முறை வரும் முன் தவமணி மடித்த தாள்களை என் கைக்குள் வைத்தாள்.

“என்ன இது?”

“உங்கட காசு மிஸ். வழக்குக்கு.”

“எனக்கு வேண்டாம். நீங்கள் புத்தகத்தில் போடுங்கள். அதில் ஒன்றும் இல்லையே.”

“புத்தகத்துக்கு வேறயா வைச்சிருக்கிறன். இது உங்களுக்கு.”

நான் திரும்பவும் அவள் கையில் திணித்தேன். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். ஒன்பது நாளில் முதல்முறையாக முகம் கறுத்தது.

“நீங்கள் வாங்காட்டி நான் அடுத்தமுறை உங்களிட்ட வர ஏலாது.”

“அடுத்தமுறையா?”

“அவர் ரெண்டு மூண்டு மாதம் கட்டுவார். பிறகு நிப்பாட்டுவார். எனக்கு அவரைத் தெரியும். சும்மா செய்து தந்த ஆளிட்ட நான் எந்த முகத்தோட வந்து நிக்கிறது?”

வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் காசை வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சோதனை மேசைக்குப் போனாள்.

யோகராசா மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினான். நான்காம் மாதம் கட்டவில்லை. ஐந்தாம் மாதத்தின் முதல் கிழமை தவமணி என் கந்தோருக்கு வந்து, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதுங்கோ மிஸ்,” என்றாள். “வாரண்டுக்குப் போடுவம்.”